அக்கா அமெரிக்க சிட்டிசன்... தம்பி குடும்பத்தை ஸ்பான்சர் பண்ண முடியுமா? எஃப்4 விசாவும் 20 வருஷக் காத்திருப்பும்: முழு விளக்கம்

"அக்கா சிட்டிசன் ஆயிட்டாங்க. இனி நம்மளையும் கூப்பிட்டுக்குவாங்க."

அமெரிக்காவில் உறவு இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. திண்டுக்கல் நாகல் நகர் ஆனாலும் சரி, சின்னாளபட்டி, வேடசந்தூர் ஆனாலும் சரி. பேச்சில் தப்பும் இல்லை. அமெரிக்கக் குடிமகன் ஆனவர், தன் அண்ணன், தம்பி, அக்கா, தங்கையை நிரந்தரமாக அங்கே வரவழைக்க அந்நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. கூடப் பிறந்தவரின் கணவனோ மனைவியோ, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோ அதே மனுவில் கூடவே போகலாம்.

சிக்கல் காலத்தில்தான். 2025ஆம் ஆண்டில் இந்தப் பிரிவில் இந்தியர்களுக்கு முறை வந்தபோது, கூப்பிடப்பட்டவர்கள் 2006ஆம் ஆண்டில் மனு போட்டவர்கள். கிட்டத்தட்ட 19 வருஷம்! அன்றைக்கு எல்.கே.ஜி. போன குழந்தை இன்று கல்லூரியை முடித்து வேலைக்கே போயிருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டு மனு போடுவது வேறு. "ரெண்டு மூணு வருஷத்துல போயிடலாம்" என்று நம்பி தோட்டத்தை விற்பது, கடையைக் கைமாற்றிவிடுவது, மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது வேறு. எஃப்4 என்று அழைக்கப்படும் இந்த விசா எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்கும், திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்கள் எந்தக் காகிதத்தை இப்போதே சரிபார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் யாரை ஸ்பான்சர் செய்யலாம்?

ஸ்பான்சர் செய்பவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். க்ரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் கூடப் பிறந்தவர்களை ஸ்பான்சர் செய்ய முடியாது. க்ரீன் கார்டு கிடைத்து, பொதுவாக 5 ஆண்டுகள் கழித்துக் குடியுரிமை பெற்ற பிறகுதான் இந்தக் கதவு திறக்கும்.

அடுத்தது உறவு. நம் ஊரில் பெரியப்பா மகனும் அண்ணன்தான், சித்தி மகளும் தங்கைதான். அமெரிக்கச் சட்டத்துக்கு அந்த முறை தெரியாது. இருவருக்கும் அப்பா அல்லது அம்மா, யாராவது ஒருவராவது பொதுவாக இருக்க வேண்டும். அப்பா ஒருவர், அம்மா வேறு என்றாலும் செல்லும். மறுமணத்தால் வந்த உறவும் செல்லும், ஆனால் அந்தத் திருமணம் நடந்தபோது பிள்ளைகளுக்கு 18 வயது நிரம்பியிருக்கக் கூடாது. தத்தெடுப்பு என்றால் பொதுவாக 16 வயதுக்கு முன்பே சட்டப்படி நடந்திருக்க வேண்டும். ஊருக்குத் தெரிய வளர்த்தால் மட்டும் போதாது.

"மச்சான் என்னை ஸ்பான்சர் பண்றார்" என்று பலர் சொல்வதுண்டு. காகிதத்தில் அப்படி ஒரு வழி கிடையாது. மனைவியின் அண்ணன் தன் தங்கைக்காகத்தான் மனு போட முடியும். அந்தத் தங்கைதான் முதன்மை விண்ணப்பதாரர். கணவர் அவரோடு சேர்ந்து போகும் துணை விண்ணப்பதாரர். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் பின்னால் பெரிதாக வரும்.

கணவன், மனைவிக்குத் தனி மனு வேண்டுமா?

வேண்டாம். கூடப் பிறந்தவர் ஒருவருக்கு ஐ-130 என்ற ஒரே மனு போதும். மனு போட்ட பிறகு கல்யாணம் ஆனாலும் கணவரையோ மனைவியையோ பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். இடையில் பிறக்கும் குழந்தைகளையும் சேர்க்கலாம். இதற்காக வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்காது.

ஆனால் கல்யாணம் சட்டப்படி நடந்திருக்க வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்தவர், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர் இந்த மனுவில் வர முடியாது. விவாகரத்து ஆகிவிட்டால் துணையாக வந்தவரின் உரிமை முடிந்துவிடும். துணைவர் முதன்மை விண்ணப்பதாரரோடு சேர்ந்து போகலாம், அல்லது அவர் போன பிறகு போகலாம். அவருக்கு முன்னால் போக முடியாது.

ஏன் இவ்வளவு காலம்?

இந்தப் பிரிவின் வேர் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் அமெரிக்கா ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி ஒதுக்கீடு வைத்திருந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 100 இடம்! 1965 அக்டோபர் 3ஆம் தேதி, நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் காலடியில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட புதிய சட்டம் அந்த முறையை மாற்றியது. குடும்ப உறவுக்கு முன்னுரிமை தந்தது. உடன்பிறந்தவர்களுக்கும் தனிப் பிரிவு கிடைத்தது.

அமெரிக்காவில் ஏற்கெனவே வேரூன்றிய ஐரோப்பிய வம்சாவளியினரின் உறவுகளே இதில் அதிகம் வருவார்கள் என்று அப்போது பலர் கணக்குப் போட்டார்கள். கணக்கு மாறியது. படிப்பும் வேலையும் தேடிப் போன ஆசியர்கள் குடிமக்கள் ஆகி, தங்கள் அண்ணன் தம்பிகளுக்கு மனு போட்டார்கள். வரிசை நீண்டது.

இப்போது உள்ள வரம்பு 1990ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. எஃப்4 பிரிவுக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 65,000 விசா. இந்த எண்ணிக்கையில் கணவன், மனைவி, பிள்ளைகளும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அக்கா நியூ ஜெர்சியில் இருக்கிறார். தம்பி ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் அவர்கள் எடுப்பது ஒரு விசா இல்லை, 4 விசா. எல்லாக் குடும்பமும் இப்படியே இருந்தால், 65,000 விசாவில் உலகம் முழுக்க ஆண்டுக்கு 16,250 குடும்பங்கள்தான் போக முடியும்.

காத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் சமீப ஆண்டுக் கணக்குகளில், எஃப்4 வரிசையில் மட்டும் உலக அளவில் 20 லட்சம் பேருக்கு மேல். 20 லட்சத்தை 65,000-ஆல் வகுத்தால் 30-ஐத் தாண்டுகிறது. வரிசையில் இருப்பவர்களில் சிலர் இடையில் விலகுவார்கள், சிலர் இறந்துபோவார்கள். அதனால் இது துல்லியமான கணிப்பு இல்லை. ஆனாலும் 2006-ல் மனு போட்டவருக்கு 19 வருஷம் ஆனது என்பதால் இன்று போடுபவருக்கும் 19 வருஷம்தான் என்று சொல்ல முடியாது. இன்னும் கூடுதலாகவே ஆகலாம்.

இதற்கு மேல் இன்னொரு பூட்டு. எந்த ஒரு நாட்டுக்கும் மொத்த ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இந்தியாவுக்கும் 7 சதவீதம்தான், சின்னஞ்சிறு நாட்டுக்கும் 7 சதவீதம்தான். அதனால்தான் இந்தியா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் நாடுகளுக்கு விசா அட்டவணையில் தனிக் கட்டமே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் முறை எப்போது வரும் என்று எப்படிப் பார்ப்பது?

மனு அமெரிக்கக் குடியுரிமைத் துறைக்குப் போய்ச் சேரும் நாள்தான் உங்கள் 'முன்னுரிமைத் தேதி'. பஸ் டோக்கன் மாதிரி. துறை அனுப்பும் ரசீதில் அந்தத் தேதி இருக்கும். அந்த ரசீதைப் பத்திரப்பதிவு ஆவணம் போலப் பாதுகாக்க வேண்டும்.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் 'விசா புல்லட்டின்' என்ற அறிவிப்பை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. அதில் குடும்பப் பிரிவு அட்டவணையில் எஃப்4 வரிசை, இந்தியா கட்டம் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு தேதி இருக்கும். உங்கள் தேதி அதற்கு முந்தையது என்றால் முறை வந்துவிட்டது என்று பொருள்.

அட்டவணைகள் இரண்டு இருக்கும். ஒன்று, விசா வழங்குவதற்கான இறுதித் தேதி. மற்றொன்று, காகிதங்களை அனுப்பத் தொடங்கலாம் என்பதற்கான தேதி. இரண்டாவதைப் பார்த்துவிட்டு "விசா வந்துருச்சு" என்று கொண்டாடிவிடக் கூடாது. தேதி ஒவ்வொரு மாதமும் ஒரு மாதம் நகராது. சில மாதம் அப்படியே நிற்கும். சில சமயம் பின்னாலும் போகும்.

இன்னொரு எச்சரிக்கை. "மனு அப்ரூவ் ஆயிடுச்சு" என்று கடிதம் வந்தால், உறவு உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள் என்பது மட்டுமே அதன் பொருள். விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

பிள்ளைகளுக்கு 21 வயது ஆகிவிட்டால்?

எஃப்4 காத்திருப்பில் அதிகம் இழப்பது பிள்ளைகள்தான். அம்மா அப்பாவோடு போக வேண்டுமென்றால் பிள்ளை 21 வயதுக்கு உட்பட்டவராக, கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும். காத்திருப்பே 19 வருஷம் என்றால், மனு போடும்போது பிறந்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் முறை வரும்போது அந்த எல்லையைத் தொட்டிருப்பார்கள், அல்லது தாண்டியிருப்பார்கள்.

இதற்கு ஓரளவு நிவாரணம் தருவது 2002 ஆகஸ்ட் 6ஆம் தேதி அமலுக்கு வந்த சிறார் நிலைப் பாதுகாப்புச் சட்டம். கணக்கு இதுதான்: முறை வந்த நாளில் பிள்ளையின் வயது என்னவோ, அதிலிருந்து மனு பரிசீலனையில் கிடந்த காலத்தைக் கழிக்க வேண்டும். மனு போட்ட நாளிலிருந்து ஒப்புதல் கிடைத்த நாள் வரை உள்ள காலம் மட்டுமே கழியும். அதற்குப் பிறகு வரிசையில் நின்ற ஆண்டுகள் கழியாது.

ஒட்டன்சத்திரம் தம்பி குடும்பத்துக்கு வருவோம். மனுவுக்கு ஒப்புதல் கிடைக்க 4 ஆண்டுகள் ஆனது என்று வைத்துக்கொள்வோம். முறை வரும் நாளில் இளையவளுக்கு வயது 23 ஆண்டு 6 மாதம். அதில் 4 கழித்தால் 19 ஆண்டு 6 மாதம். அவள் போகலாம். மூத்தவனுக்கு வயது 26. அதில் 4 கழித்தால் 22. அவனால் போக முடியாது. ஒரே வீட்டில் தங்கைக்கு விசா, அண்ணனுக்கு இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மனுவுக்குச் சீக்கிரம் ஒப்புதல் கிடைத்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எஃப்4-ல் அது நேர்மாறு. ஒப்புதல் எவ்வளவு தாமதமோ, பிள்ளையின் வயதில் அவ்வளவு கழியும். ஆகவே ஒப்புதலை விரைவுபடுத்தித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அது பிள்ளைக்கு நன்மையே இல்லை.

கழித்த பிறகு 21-க்குக் கீழே வந்தாலும் வேலை முடியவில்லை. முறை வந்த ஓராண்டுக்குள் அந்தப் பிள்ளைக்கான விசா கட்டணத்தைக் கட்டுவது, விண்ணப்பம் போடுவது போன்ற நடவடிக்கையை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அந்தச் சலுகை கைநழுவும்.

அடுத்தது கல்யாணம். 23 வயது மகளுக்கு நல்ல வரன் வருகிறது. விசா எப்போது வரும் என்று தெரியாது. கல்யாணம் செய்தால் அந்த மகள் மனுவிலிருந்து விலகிவிடுவாள். விசா கையில் வந்த பிறகு, விமானம் ஏறுவதற்கு முன் கல்யாணம் செய்தாலும் அதே கதிதான். அமெரிக்காவில் காலடி வைக்கும் நாள் வரை திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும். இதை மறைத்துப் போனால் பின்னாளில் க்ரீன் கார்டே பறிபோகலாம்.

வயது தாண்டிய பிள்ளைக்கு அப்பா அம்மாவின் பழைய தேதியாவது கிடைக்குமா? இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. எல் சால்வடார் நாட்டைச் சேர்ந்த ரோசலினா குயேயார் டி ஓசோரியோ என்ற பெண்ணுக்காக 1998-ல் குடும்ப மனு போடப்பட்டது. அப்போது அவர் மகனுக்கு 13 வயது. 2005-ல் முறை வந்தபோது மகன் 21-ஐத் தாண்டியிருந்தான். பழைய தேதியை மகனுக்குத் தர வேண்டும் என்பது கோரிக்கை. 2014 ஜூன் 9ஆம் தேதி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அது பெற்றோர் வழி வந்த மனு. ஆனால் தீர்ப்பு எஃப்4 குடும்பங்களுக்கும் பொருந்துகிறது.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு என்ன வழி? அப்பாவோ அம்மாவோ அமெரிக்கா போய் க்ரீன் கார்டு பெற்ற பிறகு, திருமணம் ஆகாத மகன் அல்லது மகளுக்காகப் புதிதாக மனு போடலாம். அது வேறு வரிசை. அங்கேயும் பல ஆண்டுகள்.

திண்டுக்கல் காகிதங்களில் என்ன கவனிக்க வேண்டும்?

அக்கா, தம்பி இருவரின் பிறப்புச் சான்றிதழிலும் ஒரே பெற்றோர் பெயர் இருக்க வேண்டும். கேட்க எளிது. இங்கே பல வீடுகளில் சிக்கலே அதில்தான்.

முதலில் மாவட்டப் பெயர். திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985 செப்டம்பர் 15ஆம் தேதி. 1975-ல் நிலக்கோட்டையில் பிறந்தவரின் சான்றிதழில் 'மதுரை மாவட்டம்' என்றுதான் இருக்கும். பிரிந்த பிறகும் திண்டுக்கல் அண்ணா, திண்டுக்கல் காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. 1997-க்குப் பிறகே வெறும் 'திண்டுக்கல்' ஆனது. நகரத்துக்குள் பிறந்தவர்களுக்குப் பழைய சான்றிதழில் 'நகராட்சி' என்றும், 2014-க்குப் பிறகு வாங்கும் நகலில் 'மாநகராட்சி' என்றும் இருக்கலாம். பழைய சான்றிதழில் மதுரை என்று இருப்பது தவறு இல்லை. அதைத் திருத்த ஓட வேண்டியதும் இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று இருந்தால் காரணத்தை ஒரு விளக்கக் கடிதத்தில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அமெரிக்கப் படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. அக்கா அங்கே போனதும் கணவர் பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருப்பார். தம்பி பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் கடைசியில் போட்டிருப்பார். ஒரே அப்பா பெயர் ஒரு காகிதத்தில் 'ஷ'வோடும் இன்னொன்றில் 'ச'வோடும் ஆங்கில எழுத்தாகியிருக்கும். பார்ப்பவருக்கு இருவரும் உடன்பிறந்தவர்கள் என்றே தெரியாது. பெயர் மாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். அக்காவின் திருமணச் சான்று அதில் முக்கியமானது.

மூன்றாவது, பதிவே இல்லாத பிறப்பு. 1970 ஏப்ரல் 1-க்கு முன் பிறந்த இந்தியர்களுக்குப் பிறப்புச் சான்று இல்லாவிட்டால் மாற்று ஆதாரங்களை அமெரிக்கத் தூதரகம் ஏற்கிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், எஸ்.எஸ்.எல்.சி. சான்று, தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல், பிறப்பை நேரில் அறிந்த பெரியவர்கள் இருவரின் உறுதிமொழிப் பத்திரம் போன்றவை. கூடவே, பதிவேட்டில் பெயர் இல்லை என்று உள்ளாட்சி அலுவலகம் தரும் சான்றும் வேண்டும். அப்பாவோ அம்மாவோ இறந்திருந்தால், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் ஒரே தாளில் இருக்கும். பழைய ரேஷன் கார்டும் அப்படித்தான். இரண்டும் நல்ல துணை ஆதாரம்.

சான்றிதழ் இருந்தும் அதில் பெயர் இல்லாமல் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தால், பதிவு செய்த அலுவலகத்தில் பெயரைச் சேர்க்க வேண்டும். காகிதங்கள் போதவில்லை என்றால் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லியும் கேட்கலாம்.

நான்காவது, திருமணம். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது 2009 நவம்பர் 24 முதல் கட்டாயம். அதற்கு முன் நடந்த பல கல்யாணங்களுக்கு இருப்பது பத்திரிகையும் ஆல்பமும் கோயில் ரசீதும்தான். கணவரையோ மனைவியையோ கூட அழைத்துப் போக அது போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து சான்று வாங்கி வைத்துவிடுவது நல்லது. அப்பா அம்மாவின் திருமணத்துக்கும் ஆதாரம் கேட்கப்படலாம். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைத் தேடி வைப்பது இன்னும் நல்லது.

தமிழில் உள்ள எல்லாக் காகிதத்துக்கும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டுச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

எவ்வளவு செலவாகும்? யார் பொறுப்பு?

ஐ-130 மனுவுக்கான கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் இணையத்தில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். இதை அக்கா கட்டுவார். முறை வந்த பிறகு ஆளுக்கு 325 டாலர் விசா கட்டணம், ஸ்பான்சரின் வருமானக் காகிதங்களைப் பார்க்க 120 டாலர். விசா கிடைத்ததும் ஆளுக்கு 235 டாலர். மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, போக்குவரத்து எல்லாம் தனி. 20 வருஷம் கழித்து இந்தக் கட்டணங்கள் இப்படியே இருக்காது.

பணத்தைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று இருக்கிறது. ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழி. "வருபவர்கள் அரசுக்குச் சுமையாக மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அக்கா சட்டப்படி கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய வருமானம் அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். அக்கா வீட்டில் 4 பேர், போகும் தம்பி குடும்பத்தில் 4 பேர், ஆக 8 பேருக்கு 2025ஆம் ஆண்டுக் கணக்கில் இது ஆண்டுக்குச் சுமார் 67,700 டாலர். அக்காவால் முடியாவிட்டால் அமெரிக்காவில் வசிக்கும் இன்னொரு குடிமகனோ க்ரீன் கார்டு வைத்திருப்பவரோ கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம்.

45 வயதில் மனு போடும் அக்காவுக்கு முறை வரும்போது 65-ஐத் தாண்டியிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். அன்று யார் கையெழுத்துப் போடுவார் என்பதை இன்றே குடும்பத்தில் பேசி வைக்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பொறுப்பு, வந்தவர் குடியுரிமை பெறும்வரை அல்லது சுமார் 10 ஆண்டு வேலைக்கான கணக்கு சேரும்வரை நீடிக்கும். இடையில் மனக்கசப்பு வந்தாலும், தம்பி விவாகரத்து செய்தாலும் அது தீராது.

இடையில் யாராவது இறந்துவிட்டால்?

ஸ்பான்சர் செய்த அக்கா இறந்துவிட்டால் மனுவும் பொதுவாக முடிந்துவிடும். ஏற்கெனவே ஒப்புதல் கிடைத்திருந்தால், மனிதாபிமான அடிப்படையில் மீண்டும் உயிர்ப்பிக்கக் கோரலாம். அது உரிமை இல்லை, அதிகாரியின் முடிவு. அப்போது வேறொரு நெருங்கிய உறவினர் ஐ-864-ல் கையெழுத்திட வேண்டும்.

முதன்மை விண்ணப்பதாரரான தம்பி இறந்துவிட்டால், இந்தியாவில் காத்திருக்கும் மனைவி, பிள்ளைகளுக்கு அந்த மனுவில் உரிமை இருக்காது. கணவரின் அக்கா அவர்களுக்கு நேரடியாக ஸ்பான்சர் செய்யவும் முடியாது. முதன்மை, துணை என்ற வித்தியாசம் பின்னால் பெரிதாக வரும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

ஒரே குடும்பத்தில் அமெரிக்கக் குடிமக்கள் இரண்டு பேர் இருந்தால், இருவருமே தனித்தனியாக மனு போடலாம். ஒன்று விழுந்தாலும் மற்றொன்று இருக்கும்.

மனு போட்டுவிட்டு டூரிஸ்ட் விசாவில் போக முடியுமா?

போகலாம், தடை இல்லை. ஆனால் சுற்றுலா விசா படிவத்திலேயே "உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா?" என்று கேள்வி இருக்கிறது. 'ஆம்' என்றால், அங்கேயே தங்கிவிடுவீர்களோ என்ற சந்தேகம் அதிகாரிக்கு வரலாம். ஊரில் வேலை, தொழில், குடும்பம் இருப்பதைக் காட்டி, திரும்பி வருவேன் என்று நம்பவைக்க வேண்டும். 'இல்லை' என்று பொய் சொன்னால் அது முறைகேடாகப் பதிவாகி, பின்னால் எஃப்4 விசாவையே நிரந்தரமாக மூடிவிடலாம். அக்கா பெண் கல்யாணத்துக்குப் போக விரும்புபவர்கள் இதை யோசித்துத்தான் மனு போட வேண்டும்.

முறை வந்தால் எங்கே போக வேண்டும்?

மனு நேஷனல் விசா சென்டர் என்ற மையத்துக்குப் போகும். அங்கிருந்து மின்னஞ்சல் வரும். கட்டணம், இணைய விண்ணப்பம், காகிதங்கள் எல்லாம் முடிந்த பிறகு நேர்காணல். சுற்றுலா, மாணவர் விசாவுக்குச் சென்னை போய்ப் பழகியவர்கள் கவனிக்க: குடியேற்ற விசாவுக்கான நேர்காணல் இந்தியாவில் பெரும்பாலும் மும்பை துணைத் தூதரகத்தில்தான் நடக்கிறது. காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்குத் திண்டுக்கல்காரர்கள் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

முறை வந்ததாக அறிவிப்பு வந்து ஓராண்டுக்குள் பதில் சொல்லாவிட்டால் பதிவு ரத்தாகலாம். 2006-ல் கொடுத்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு யாருக்காவது நினைவிருக்கிறதா? வீடு மாறியிருக்கும், மனு போட்டுத் தந்த வக்கீல் தொழிலையே விட்டிருப்பார். முகவரி, மின்னஞ்சல் மாறும்போதெல்லாம் தெரிவிக்காமல் விட்டால், 19 வருஷம் காத்திருந்தும் கடிதம் கைக்கு வராமலே போய்விடும்.

வேறு வழி இருக்கிறதா?

அமெரிக்கக் குடிமகன் தன் பெற்றோரை வரவழைக்க ஆண்டு வரம்பு கிடையாது. பெற்றோர் க்ரீன் கார்டு பெற்றால், திருமணம் ஆகாத பிள்ளைக்கு மனு போடலாம். திருமணம் ஆன பிள்ளைக்கு என்றால் அவர்களும் குடியுரிமை பெற வேண்டும். அந்த வரிசை எஃப்4-ஐவிடச் சில ஆண்டுகள் குறைவு. ஆனால் வயதான பெற்றோர் அதற்காகவே ஊரை விட்டுப் போய் அங்கேயே வாழ வேண்டும். இது எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது.

கனடாவில் வயது வந்த அண்ணன், தம்பியை ஸ்பான்சர் செய்யப் பொதுவான வழி இல்லை. பெற்றோர் இல்லாத, 18 வயதுக்கு உட்பட்ட, திருமணம் ஆகாத உடன்பிறந்தவருக்கும், மிக அரிதான சில சூழ்நிலைகளுக்கும் மட்டுமே அனுமதி. ஆனால் படிப்பு, வேலைத் திறன் அடிப்படையிலான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், கனடாவில் உடன்பிறந்தவர் இருந்தால் 15 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். விண்ணப்பிப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கு அங்கே உடன்பிறப்பு இருந்தாலும் இது உண்டு.

இந்தப் பிரிவே ரத்தாகிவிடுமா?

அந்த முயற்சி பலமுறை நடந்திருக்கிறது. 2013-ல் அமெரிக்க செனட் நிறைவேற்றிய குடியேற்ற மசோதா, உடன்பிறந்தோர் பிரிவை முடிவுக்குக் கொண்டுவர இருந்தது. பிரதிநிதிகள் சபையில் அது நிறைவேறவில்லை. 2017-ல் கொண்டுவரப்பட்ட ரெய்ஸ் மசோதாவும் இதையே சொன்னது, அதுவும் சட்டமாகவில்லை. 2020 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் உத்தரவால் எஃப்4 உள்பட பல குடியேற்ற விசாக்கள் நிறுத்தப்பட்டன. 2021 பிப்ரவரியில் அதிபர் பைடன் அதை விலக்கினார். 20 ஆண்டு என்பது அமெரிக்காவில் 5 அதிபர் தேர்தல். அதற்குள் சட்டம் மாறாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஏமாறாமல் இருக்க...

"எஃப்4-ல் வரிசையை முந்தி வாங்கித் தர்றோம்" என்று யார் சொன்னாலும் அது மோசடி. காசு கொடுத்து முன்னுரிமைத் தேதியை மாற்ற வழியே இல்லை. ஐ-130-க்கு விரைவுக் கட்டணச் சேவையும் கிடையாது. மனு போடுபவர் அமெரிக்காவில் இருக்கும் உறவினர். அதனால் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ உள்ள ஏஜென்டிடம் முன்பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. பெரியப்பா மகனைச் சொந்தத் தம்பி என்று காட்டுவது, பொய்க் கல்யாணம், போலிச் சான்றிதழ் இவையெல்லாம் பிடிபட்டால் வாழ்நாள் தடை வரை போகும்.

சரி, மனு போடலாமா வேண்டாமா?

பெரும்பாலான குடும்பங்களுக்குப் பதில்: போடலாம். கட்டணம் 625 டாலரில் தொடங்குகிறது, மனு போட்டதால் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் போட்ட மறுநாளிலிருந்து, போடாதது போலவே வாழ வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை:

* அக்கா, தம்பி இருவரின் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெற்றோர் பெயரின் எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

* திருமணத்தைப் பதிவு செய்யாவிட்டால் பதிவு செய்யுங்கள்.

* மனு ரசீதின் நகல் இரு நாட்டிலும் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

* பிள்ளைகளின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 வயதைத் தாண்டிய பிள்ளை இந்த மனுவில் போவது மிகக் கடினம். அவர்களிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

* படிப்பு, வேலை, கல்யாணம், வீடு, தோட்டம் எதையும் இந்த விசாவை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

* விசா கையில் வரும்வரை சொத்தை விற்காதீர்கள், வேலையை விடாதீர்கள்.

* கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை. மனு போடும் முன் அமெரிக்கக் குடியுரிமைத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். வழக்கு, பழைய விசா மறுப்பு, தத்தெடுப்பு போன்ற சிக்கல் இருந்தால், அமெரிக்காவில் உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரிடம் அக்காவே பேசட்டும்.